ஆர்கன் மாடத்திலிருந்து பார்த்த புச்சீனியின் ஊர்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. செப்டம்பர் இரண்டாம் வாரம் அப்பாவுடன் இத்தாலியின் பிளாரன்ஸில் இருக்கப்போகிறீர்கள். அதில் ஒரு நாளை ஒதுக்கி லுக்காவுக்குப் போய், ஓபரா என்னும் இசைநாடகங்களுக்கு இசையமைத்த ஜாக்கோமோ புச்சீனி பிறந்த ஊரை நடந்தே பார்க்க நினைக்கிறீர்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. இருவருக்கும் ஓபரா பழக்கமில்லை. அவருடைய 'துராந்தோத்' ஓபராவில் வரும் 'நெஸ்ஸுன் தோர்மா' பாடலை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். ஊரை நடந்தே பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கவலையைச் சொல்கிறது: ஓபரா தெரியாதவர்கள் அங்கே போய் எதைப் பார்ப்பது?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், முடியும். புச்சீனியின் பிள்ளைப்பருவமும் இளமையும் கழிந்த இடங்கள் எல்லாம் ஊரின் மதிலுக்குள் ஒன்றரை கிலோமீட்டர் நடையில் அடங்கிவிடும். இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நான் வரலாற்று ஆய்வாளன் அல்ல, ஓபரா விமர்சகனும் அல்ல. பதினாறு வயதில் எங்கள் பங்குக் கோயிலில் ஆர்மோனியத்தில் தொடங்கி, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் திருப்பலிகளுக்கு ஆர்கன் என்னும் கோயில் இசைக்கருவியை வாசித்து வருபவன். வேலை நிமித்தமாக ஒன்பது ஆண்டுகள் பைசாவில் குடியிருந்தபோது லுக்காவுக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஆகவே நான் சொல்வது கோயிலில் வாசிப்பவனின் பார்வை. அந்த ஊருக்கு அதுதான் பொருத்தமான பார்வை என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் எளிமையானது. புச்சீனி உலகம் அறிந்த ஓபராக்களில் ஒன்றைக்கூட லுக்காவில் உட்கார்ந்து எழுதவில்லை. 1858 டிசம்பர் 22 அன்று பிறந்தார், 1880இல் படிப்புக்காக மிலான் போனார், பிறகு அந்த ஊரில் நிலையாகக் குடியிருக்கவே இல்லை. 'லா போஎம்', 'டோஸ்கா', 'மடாம் பட்டர்ஃபிளை' எல்லாம் பின்னால் வந்தவை. அப்படியானால் லுக்கா அவருக்குக் கொடுத்தது என்ன? கோயில் இசை. அவருக்கு முன்னால் நான்கு தலைமுறை, அதாவது எள்ளுத்தாத்தா ஜாக்கோமோ, கொள்ளுத்தாத்தா அந்தோனியோ, தாத்தா தொமேனிக்கோ, அப்பா மிக்கேலே ஆகிய எல்லாருமே லுக்காவில் கோயிலுக்கு இசையமைத்தவர்கள். 1712இல் பிறந்த அந்த முதல் ஜாக்கோமோவின் காலத்திலிருந்து சான் மார்ட்டினோ பேராலயத்து ஆர்கன் இந்தக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. நம் ஊர்ப் பெரிய கோயில்களில் நாகஸ்வரக்காரர் வீட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக உரிமை இருக்குமே, ஏறக்குறைய அந்த மாதிரி. அந்தக் கண்ணோடு நடந்தால் ஓபரா தெரியாதது ஒரு குறையே இல்லை.

ரயில் நிலையம் மதிலுக்கு வெளியே, தெற்கே இருக்கிறது. பிளாரன்ஸிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம், பைசாவிலிருந்து அரை மணி நேரம். வெளியே வந்ததும் எதிரே புல்வெளியும் அதற்கு அப்பால் செங்கல் மதிலும் தெரியும். இளைஞர்கள் புல்வெளியின் குறுக்கே நடந்து, சான் கொலொம்பானோ கொத்தளத்தின் வயிற்றுக்குள் போகும் சுரங்க வழியாக ஊருக்குள் ஏறுவார்கள். பேராலயத்தின் முதுகுப்பக்கம் கொண்டுபோய் விடும் அழகான வழி அது. ஆனால் அங்கே படிகள் உண்டு. அப்பாவை அழைத்துக்கொண்டு இடப்பக்கமாகச் சில நிமிடம் நடந்து சான் பியெத்ரோ வாயிலால் நுழையுங்கள், முழுக்கச் சமதளம்.

முதலில் சான் மார்ட்டினோ பேராலயம். முகப்பில் மூன்று வளைவுகள். வலப்பக்க வளைவு மட்டும் மற்ற இரண்டைவிடச் சிறியது. மணிக்கூண்டு முன்பே அங்கே நின்றது, முகப்பை அதற்கு இடம் விட்டுக் கட்டினார்கள். உள்ளே போவதற்கு முன் அந்த வலப்பக்க மண்டபத் தூணில், கண் உயரத்தில், ஏறக்குறைய அரை மீட்டர் அகலத்துக்கு ஒரு சுழல்பாதை கல்லில் செதுக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள். கிரேக்கக் கதையில் வரும் காளைத்தலை அரக்கன் மினோட்டார் அடைபட்ட சுழல்பாதை அது. எத்தனையோ நூற்றாண்டுகளாக வருகிறவர்கள் எல்லாரும் விரலை வைத்து அந்தப் பாதையில் இழுத்து இழுத்து, கல் சோப்புக்கட்டியைப் போல வழவழப்பாகிவிட்டது. நடுவில் இருந்த உருவங்கள் தேய்ந்தே போய்விட்டன. புச்சீனி வீட்டுப் பிள்ளைகள் ஐந்து தலைமுறையாக இந்தத் தூணைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறார்கள். சிறுவன் ஜாக்கோமோவின் விரலும் அங்கே ஓடியிருக்கும் என்று நான் நம்புகிறேன். இது என் நம்பிக்கைதான், சான்றுள்ள செய்தி அல்ல.

சான்றுள்ள செய்தி அதைவிட வியப்பானது. 1864 ஜனவரியில் அப்பா மிக்கேலே இறந்தபோது ஜாக்கோமோவுக்கு ஐந்து வயது. வீட்டில் வரிசையாக அக்காக்கள், தாய் அல்பினாவின் வயிற்றில் இன்னொரு குழந்தை. பேராலயத்து ஆர்கன் பதவியை ஊர் நிர்வாகம் வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்கவில்லை. பையன் வளர்ந்து வேலையைச் செய்யும் தகுதி பெறும்வரை தாய்மாமன் ஃபோர்த்துனாத்தோ மாஜி பொறுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிறகு இடத்தை அவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஐந்து வயதுக் குழந்தையின் பெயரில் ஒரு வேலை காத்திருந்தது. அந்தப் பாரம் எப்படிப்பட்டது என்று கோயிலில் வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஞாயிறு தவறாமல், திருவிழா தவறாமல், காய்ச்சல் என்றாலும் இருக்கையில் இருக்க வேண்டும். அந்த நாற்காலியில் வாழ்நாள் முழுவதும் உட்காருவதற்காகவே வளர்க்கப்பட்டவன் கடைசியில் அதில் உட்காராமல் போனான் என்பதுதான் லுக்காவின் கதை.

பேராலயத்தில் இரண்டு விஷயங்களைத் தவறவிடாதீர்கள். ஒன்று, யாக்கோப்போ தெல்லா குவெர்ச்சா 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கிய இலாரியாவின் கல்லறைச் சிற்பம். இளம்பெண் உறங்குவதுபோல் கிடக்கிறாள். காலடியில் ஒரு நாய்க்குட்டி அவள் முகத்தை அண்ணாந்து பார்க்கிறது. இன்னொன்று 'வோல்த்தோ சாந்தோ' என்னும் திருமுகம். நீள அங்கி அணிந்த கிறிஸ்துவின் பழமையான மரச்சிலுவை. இதை விவிலியத்தில் வரும் நிக்கோதேமு செதுக்கினார், முகத்தை வானதூதர் முடித்துவைத்தார் என்பது மரபு. மரத்தை ஆய்வு செய்தவர்கள் 8 அல்லது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அந்தக் கணக்கே இதை ஐரோப்பாவின் மிகப் பழைய மரச்சிற்பங்களில் ஒன்றாக்கிவிடுகிறது.

நீங்கள் செப்டம்பர் இரண்டாம் வாரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்தவுடன் எனக்கு மனம் துள்ளியது இந்தச் சிலுவையால்தான். செப்டம்பர் 13 மாலை லுக்காவில் திருச்சிலுவைப் பெருவிழாவின் முந்திய நாள் பவனி. சான் பிரெதியானோ கோயிலிலிருந்து பேராலயம்வரை பவனி போகும் தெருக்களில் வீடுகளின் முகப்பு, சன்னல் விளிம்பு, வளைவு ஒன்று விடாமல் சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் மெழுகு விளக்குகளை அடுக்கிவிடுவார்கள். மின்விளக்குகள் அணைந்திருக்கும். நம் கார்த்திகைத் தீபத்தை நாலு மாடி உயரத்துக்கு நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கும். பவனி முடிந்ததும் பேராலயத்தில் பாடகர் குழுவும் இசைக்குழுவும் சேர்ந்து ஒரு பெரிய பாடலைப் பாடும். 'மோத்தெத்தோனே' என்று அதற்குப் பெயர். இந்த விழாவுக்கு இசை எழுதித் தருவது தலைமுறை தலைமுறையாகப் புச்சீனி குடும்பத்தின் கடமையாக இருந்தது. உங்கள் நாள் 13ஆக அமைந்தால் விட்டுவிடாதீர்கள். ஆனால் கூட்டம் நெரியும். அப்பா அன்று மாலை நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதால், பவனி வழியில் ஏதாவது ஒரு கடை வாசலில் முன்கூட்டியே நாற்காலி பிடித்துவிட வேண்டும்.

பேராலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சான் ஜொவான்னி கோயில். ஊரின் பழைய திருமுழுக்குக் கூடம் இதனோடு சேர்ந்தது. புச்சீனி திருமுழுக்குப் பெற்றது இங்கேதான். தரைக்குக் கீழே ரோமானியர் காலம்வரை அடுக்கடுக்காகத் தோண்டிக் காட்டியிருக்கிறார்கள். கீழே இறங்குவது முழங்காலுக்கு ஆகாது. அப்பா மேலேயே உட்காரட்டும். இங்கே பல ஆண்டுகளாகப் பெரும்பாலான மாலைகளில் ஏழு மணிக்குப் புச்சீனி பாடல்களின் கச்சேரி நடந்துவருகிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அங்கிருந்து மேற்கே நடந்தால் நெப்போலியன் சதுக்கமும் ஜில்யோ அரங்கமும் வரும். வெளியே நின்று பார்த்தால் போதும். ஆனால் ஒரு தகவலை மனத்தில் வையுங்கள்: ரோசினியின் 'வில்லியம் டெல்' ஓபரா இத்தாலியில் முதன்முதலாக மேடையேறியது இந்தச் சிறிய ஊரின் இந்த அரங்கில்தான், 1831இல். ஊரின் அளவை வைத்து அதன் இசையை எடைபோட முடியாது. செல்லோ மேதை பொக்கெரீனி பிறந்ததும் இங்கேதான், புச்சீனிக்கு நான்கு வயது மூத்த இசையமைப்பாளர் அல்ஃப்ரெதோ கத்தலானி பிறந்ததும் இங்கேதான்.

இனி சான் மிக்கேலே. இதுதான் புச்சீனி வீட்டுக்குப் பக்கத்துக் கோயில். முகப்பு கோயிலைவிட மிக உயரம். மேலே நான்கு வரிசைத் தூண்கள், உச்சியில் இறக்கை விரித்த மிக்கேல் தூதர். பணம் தீர்ந்ததால் கோயிலை உயர்த்த முடியாமல் முகப்போடு நிறுத்திவிட்டார்கள் என்பது ஊரில் சொல்லும் விளக்கம். பக்கவாட்டில் போய்ப் பாருங்கள், பின்னால் வெறும் வானம்தான். தூண்களில் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை; முறுக்கியது, கட்டம் போட்டது, விலங்குகள் ஏறுவது என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். வளைவுகளுக்கு இடையே சிறு தலைகள் இருக்கின்றன. 1860களில் நடந்த சீரமைப்பின்போது தேய்ந்த பழைய தலைகளுக்குப் பதிலாக கவூர், கரிபால்டி போன்ற அந்தக் காலத்து இத்தாலிய விடுதலைத் தலைவர்களின் முகங்களைச் செதுக்கி வைத்துவிட்டார்கள். புச்சீனி சிறுவனாக இருந்தபோது சாரம் கட்டி நடந்த வேலை இது. பத்து வயதில் அவர் இந்தக் கோயிலிலும் பேராலயத்திலும் பாடகர் குழுவில் சேர்ந்தார்.

சதுக்கத்திலிருந்து போஜ்ஜோ தெருவில் நூறு தப்படி நடந்தால் சிட்டடெல்லா சதுக்கம். வெண்கலப் புச்சீனி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, கையில் சிகரெட்டோடு உட்கார்ந்திருக்கிறார். வீத்தோ தோஞ்சானி 1994இல் செய்தது. எல்லாரும் சிலையின் மடியில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சிகரெட்டைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். 1924 நவம்பர் 29 அன்று பிரஸ்ஸல்ஸில் தொண்டைப் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது அவர் இறந்தார். 'துராந்தோத்' ஓபராவின் முடிவு எழுதப்படாமலே நின்றது.

சிலைக்குப் பின்னால், கோர்த்தே சான் லொரென்ஸோ என்னும் முடுக்கில், பிறந்த வீடு. டிக்கெட் சதுக்கத்தில் உள்ள கடையில் வாங்க வேண்டும். வீடு மேல்மாடியில் இருப்பதால் அப்பாவின் முழங்காலைப் பற்றி டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். இந்த வீட்டைப் பற்றி உங்களை நான் முன்கூட்டியே தயார்படுத்த வேண்டும். பெரும்பாலான பார்வையாளர்கள் நிற்பது கறுப்பு ஸ்டைன்வே பியானோவின் முன்னால். அவர் 1901இல் வாங்கியது. 'துராந்தோத்' எழுதிய பியானோ இதுதான். அதாவது உங்களுக்குத் தெரிந்த 'நெஸ்ஸுன் தோர்மா' பிறந்த கருவி. அதில் ஐயமில்லை. ஆனால் அது இந்த வீட்டுப் பிள்ளை வாசித்துப் பழகிய பியானோ அல்ல. பின்னாளில் வந்து சேர்ந்தது. 1926இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடையில் பாடகி மரியா யெரிட்சா அணிந்த துராந்தோத் உடையும் அப்படியே. பளபளப்பானவை எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. வீட்டுக்கே உரியவை அறைகளின் அளவு, சமையலறை, சன்னலுக்கு வெளியே தெரியும் முடுக்கு. கணவனை இழந்த ஒரு தாய் இத்தனை பிள்ளைகளை இந்த அறைகளில்தான் வளர்த்தாள். கடைசி மகனையும் மூத்த மகனையும் இசைக்கு அனுப்பினாள். மிலான் படிப்புக்கு அரசி மார்கரீத்தாவின் உதவித்தொகையைப் பெற்றுத் தந்ததும் அவளுடைய விடாமுயற்சிதான். 1884இல், மகனின் முதல் ஓபரா 'லெ வில்லி' மிலானில் மேடையேறிய சில வாரங்களில் அவள் இறந்துபோனாள். பிறகு வீடு கைமாறியது. 'மனோன் லெஸ்கோ' 1893இல் வெற்றி பெற்றதும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, இந்த வீட்டைத் திரும்ப வாங்கியது. அவர் அதில் குடியேறவில்லை. வைத்திருந்தார், அவ்வளவுதான்.

குடியேறாததற்குக் காரணம் உண்டு. 1880களில் லுக்கா வணிகர் ஒருவரின் மனைவியான எல்வீரா, அவரை விட்டுப் புச்சீனியோடு வாழ வந்துவிட்டாள். 1886இல் அவர்களுக்கு மகன் பிறந்தான். கோயிலைச் சுற்றி வாழ்ந்த ஊர் அதை ஏற்கவில்லை. கணவன் 1903இல் இறந்த பிறகு, 1904 ஜனவரியில்தான் அவர்கள் மணம் செய்துகொள்ள முடிந்தது. இந்த ஊர் இன்று தெருவுக்குத் தெரு அவர் பெயரைச் சொல்கிறது என்பதற்காக, அன்றும் அப்படித்தான் கொண்டாடியது என்று எண்ணிவிடக் கூடாது.

இப்போது கதைகளைப் பற்றி. சுற்றுலா வழிகாட்டிகள் மூன்று கதைகளைக் கட்டாயம் சொல்வார்கள். முதலாவது, ஆர்கன் குழாய்களைத் திருடி விற்றுச் சிகரெட் வாங்கினார், இல்லாத சுரங்களைத் தவிர்த்து வாசித்துச் சமாளித்தார் என்பது. நண்பர்களும் ஆரம்பகால வாழ்க்கை வரலாறுகளும் வழிவழியாகச் சொன்ன கதை. ஆர்கன்காரனாக யோசித்தால் நடக்கக்கூடியதுதான். சின்னக் குழாய்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை, கையால் உருவி எடுத்துவிடலாம், பழைய உலோகத்துக்கு விலை உண்டு. ஆனால் ஒரு வரிசையில் இரண்டு குழாய் குறைந்தாலே கேட்கிற காதுக்குத் தெரிந்துவிடும். ஆகவே கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, தவறாக வாசித்தால் மாமன் மாஜி முழங்காலுக்குக் கீழே உதைப்பார், அதனால் பெரியவரான பிறகும் அபசுரம் கேட்டால் புச்சீனியின் கால் தானாகத் துள்ளும் என்பது. இதுவும் வாய்மொழிதான். மூன்றாவது, 1876 மார்ச்சில் வெர்டியின் 'ஐதா'வைக் கேட்க நண்பர்களோடு பைசாவுக்கு நடந்தே போய் வந்தார் என்பது. பைசாவில் அந்த ஓபராவைக் கேட்டதும், அதுவே அவரை ஓபரா பக்கம் திருப்பியதும் உறுதி; அவரே சொல்லியிருக்கிறார். நடந்தே போனார் என்பதைத்தான் எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மலைத்தொடர் கிடக்கிறது. அந்த மலையால் பைசாக்காரர்களுக்கு லுக்கா கண்ணில் படாது என்று கவிஞர் தாந்தே பாடியிருக்கிறார். ஒரு வழிக்கு இருபது கிலோமீட்டர். நானே ஒரு வசந்த காலத்தில் பைசாவிலிருந்து நடந்து பார்த்தேன். விடியலில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு லுக்கா வந்துவிட்டேன். பதினேழு வயதுப் பையனுக்கு இது பெரிதே அல்ல.

வீட்டிலிருந்து வெளியே வந்து மேற்கே சான் பாவோலினோ கோயிலுக்குப் போகாமல் திரும்பிவிடாதீர்கள். பயணிகள் பலர் தாண்டிப் போய்விடும் கோயில் இது. எனக்கு மட்டும் லுக்காவில் ஒரே ஓர் இடம் பார்க்க நேரம் கொடுத்தால் நான் போவது இங்கேதான். சான் பாவோலினோ ஊரின் பாதுகாவலர்; திருநாள் ஜூலை 12. 1880இல் அந்தத் திருநாளன்று, இருபத்தோரு வயதுப் புச்சீனியின் முழுத் திருப்பலி இசை, தனிக்குரல்களும் பாடகர் குழுவும் இசைக்குழுவும் சேர்ந்து, இங்கே ஒலித்தது. இன்று 'மெஸ்ஸா தி குளோரியா' என்று அறியப்படுவது. அது அவர் ஊருக்கு விடைகொடுத்த இசை. சில மாதங்களில் மிலான் போய்விட்டார். இசைப்பிரதி அச்சேறாமல் கிடந்து, 1950களின் தொடக்கத்தில்தான் மீண்டும் மேடைக்கு வந்தது. ஆனால் அதை எழுதியவர் அதை மறக்கவில்லை. 'ஆண்டவரே இரக்கமாயிரும்' பகுதியின் இசையை எடுத்து 'எட்கர்' ஓபராவில் வைத்தார். 'உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே' பகுதியை எடுத்து 'மனோன் லெஸ்கோ' இரண்டாம் அங்கத்தில், சீமாட்டியின் ஒப்பனை அறையில் பாடகர்கள் பாடும் காதல் பாட்டாக்கினார்.

பீடத்துக்கு எழுதியது ஒப்பனை அறைக்குப் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். பொருந்தியது, ஏனென்றால் அந்தக் காலத்து இத்தாலியக் கோயில் இசையே அரங்க இசைதான். 19ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஆர்கன்களில் மணி ஒலிக்கும் விசையும் முரசு ஒலிக்கும் விசையும் இருந்தன. காணிக்கை நேரத்தில் ஓபரா மெட்டு, திருப்பலி முடிந்து மக்கள் வெளியேறும்போது பேண்டு வாத்தியம்போல் ஒரு நடை. நான் அங்கே ஒரு மலைக்கிராமத்துக் கோயிலில் வழக்கமாக வாசிப்பவருக்குப் பதிலாக வாசிக்கப் போனபோது அப்படி ஒரு பழைய கருவியைத் தொட்டிருக்கிறேன். மிதியை அழுத்தினால் உள்ளே எங்கோ ஒரு தோல் முரசு அதிர்ந்தது, இருக்கையே குலுங்கியது. இந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லித்தான் 1903இல் பத்தாம் பயஸ் திருத்தந்தை ஆணை பிறப்பித்தார். அதற்கு முப்பது ஆண்டு முன்பே அந்தக் கருவிகளில் கை பழகியவர் புச்சீனி. பதினான்கு வயதிலிருந்து லுக்காவிலும் சுற்று வட்டாரக் கோயில்களிலும் சில்லறைக் காசுக்கு வாசித்திருக்கிறார். ஆர்கனுக்காக அந்த வயதில் எழுதியவை அண்மை ஆண்டுகளில் அச்சில் வந்திருக்கின்றன. வாசித்துப் பார்த்தேன், கால் தானாகத் தாளம் போடுகிறது. 'டோஸ்கா' முதல் அங்கத்தின் முடிவில் மணி, ஆர்கன், பாடகர் குழு, பீரங்கி எல்லாம் சேர்ந்து எழும் நன்றிப்பாடலைக் கேட்கும்போது ஒரு பேராலயத்துப் பிள்ளைதான் இதை எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். கன்னியர் மடத்தில் நடக்கும் 'சுவோர் ஆஞ்செலிக்கா'வும் அப்படியே. அவருடைய அக்கா இஜீனியா லுக்காவை ஒட்டிய விக்கோபெலாகோ மடத்தில் துறவி. புச்சீனி அந்த ஓபராவை எடுத்துப்போய் அங்கிருந்த கன்னியருக்கு வாசித்துக் காட்டினார்.

சான் பாவோலினோவிலிருந்து மேற்கு மதில் பக்கம்தான். மதில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கட்டியது, சுற்றளவு நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எந்தப் படையும் வந்து அதை முட்டவில்லை. 1812இல் செர்க்கியோ ஆறு பெருகியபோது வெள்ளத்தைத் தடுத்ததுதான் அது நடத்திய பெரிய போர். மேலே அகலமான சாலை, இருபுறமும் மரங்கள், நெடுக பெஞ்சுகள். ஏறுவதற்குச் சரிவுப் பாதைகள் இருப்பதால் அப்பா படி ஏறாமலே மேலே போகலாம். முழுச் சுற்றும் வேண்டாம், சைக்கிள்காரர்களைப் பார்த்துக்கொண்டு அரைச் சுற்று நடங்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு, திருப்பலியின் அந்தச் செம்மறிப் பாடலை முதலில் கேளுங்கள், பிறகு 'மனோன் லெஸ்கோ'வின் அந்தக் காதல் பாட்டை, அதாவது மாத்ரிகலைக் கேளுங்கள். இரண்டும் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகாது. மெட்டு ஒன்றுதான் என்பதைக் கண்டுபிடிக்க எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிணிஜி கோபுர உச்சியில் மரங்கள் வளர்ந்திருப்பது அழகுதான், ஆனால் இருநூறுக்கு மேற்பட்ட படிகள், அப்பாவுக்கு வேண்டாம். ரோமானிய அரங்கத்தின் வடிவிலேயே வீடுகள் வளைந்து நிற்கும் முட்டைவடிவச் சதுக்கம் ஊரின் வடபகுதியில் இருக்கிறது, நிழலில் உட்கார நல்ல இடம். திராட்சையும் சோம்பும் போட்ட 'புச்செல்லாத்தோ' ரொட்டியைச் சாப்பிடாமல் லுக்காவுக்கு வந்தவர் வராதவரே என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள்; சான் மிக்கேலே சதுக்கத்தில் கிடைக்கும். சாப்பாட்டுக்கு 'ஃபார்ரோ' சூப் கேளுங்கள். அந்தத் தானியம் நம் சம்பா கோதுமைதான். நீங்கள் சைவம் என்றால் பன்றிக்கொழுப்போ இறைச்சி வேகவைத்த நீரோ சேர்த்திருக்கிறார்களா என்று கட்டாயம் கேட்க வேண்டும், பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள்.

தோர்ரே தெல் லாகோவையும் அதே நாளில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவர் 1891 முதல் முப்பது ஆண்டு வாழ்ந்த ஏரிக்கரை ஊர் அது. வீட்டுக்குள்ளேயே சிற்றாலயத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஓபராக்கள் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உண்மையில் அங்கேதான் போக வேண்டும். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் சேர்த்தால் அப்பா இரண்டிலும் களைத்துப்போவார். எனக்குக் கேட்டால் லுக்காவில் நில்லுங்கள். மதியம் வெயிலில் எங்காவது இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மாலை சான் ஜொவான்னிக் கச்சேரிக்குப் போங்கள். உங்கள் தேதியில் கச்சேரி உண்டா என்று காலையில் வந்ததும் அந்தக் கோயில் வாசலிலேயே கேட்டு டிக்கெட் எடுத்துவிடலாம். இரண்டு பாடகர்கள், ஒரு பியானோ, சுமார் ஒரு மணி நேரம். முன்வரிசை வேண்டாம். அந்தக் கூரைக்கு நடுப்பகுதி இருக்கைகளில்தான் குரல் சுத்தமாக விழும். முடிந்ததும் நிலையத்துக்கு மெதுவாக நடந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம். இரவில் பிளாரன்ஸ் ரயில்கள் குறைவு என்பதால் திரும்பும் ரயிலின் நேரத்தைக் கச்சேரிக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.